சிமெண்டில் கிராஃபீன் ஆக்ஸைடு: முதல்முறை க்யூப் வார்க்கிறவர்களுக்கு

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 15 கிராம். கிராஃபீன் ஆக்ஸைடு (ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிய, மிக மெல்லிய கார்பன் தகடு) சேர்த்த சாந்தில் வழக்கமாகப் போடுகிற அளவு இவ்வளவுதான். சிமெண்ட் எடையில் 0.03 சதவீதம். இந்தப் 15 கிராம் மூட்டை முழுக்கச் சீராகப் பரவிவிட்டால் வலு கூடும். ஆங்காங்கே திரண்டு நின்றுவிட்டால், எதுவும் சேர்க்காத க்யூபைவிட (வலுவைச் சோதிக்க வார்க்கும் கனசதுரக் கட்டி) பலவீனமான க்யூப்கூட வந்து நிற்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் "எப்படிப் பரப்புவது" என்பதைப் பற்றித்தான் இருக்கும். பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்டாக இதை எடுத்தவர்களையும், ரெடிமிக்ஸ் ஆலை லேப்பில் முதல்முறை முயல்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் தளத்துக்கு இது இப்போதைக்கு வேண்டாம். கொத்தனார் கலவையில் கூடுதலாக ஊற்றுகிற அரை வாளித் தண்ணீரை நிறுத்துங்கள். ஏழு நாளாவது ஒழுங்காக நனையுங்கள். அதில் கிடைக்கிற வலுவுக்குச் செலவே கிடையாது.

எதற்காக இந்த முயற்சி

உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதே வலுவைக் குறைந்த சிமெண்டில் எட்ட முடிந்தால் அது பெரிய லாபம். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் கிராஃபீனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார்கள். அணு ஒன்றின் தடிமனே உள்ள கார்பன் தகடு, இழுவிசை வலு ஏறத்தாழ 130 கிகாபாஸ்கல் என்றதுமே கட்டுமானத் துறையின் கவனமும் அதன் பக்கம் திரும்பியது. 2018-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழு, கிராஃபீன் சேர்த்த கான்கிரீட்டின் அழுத்த வலு 146 சதவீதம் வரை கூடியதாக வெளியிட்டது. 2021 மே மாதம் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு, மான்செஸ்டரில் உருவான 'கான்கிரீட்டீன்' கலவையில் தரைத்தளமே போட்டார்கள்.

146 என்ற எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2015-ல் 0.05 சதவீத கிராஃபீன் ஆக்ஸைடு சேர்த்துப் பார்த்தது. அவர்களுக்குக் கிடைத்த அழுத்த வலு உயர்வு 15 முதல் 33 சதவீதம். வளைவு வலு 41 முதல் 59 சதவீதம் கூடியது. நல்ல வசதியும் அனுபவமும் உள்ள லேப் அது. கல்லூரி லேப்பில் நம்பகமான 10 சதவீதம் கிடைத்தாலே அது நல்ல வேலை என்பது என் கருத்து.

எந்தப் பொருளை வாங்குவது

கடைகளிலும் இணையத்திலும் 'கிராஃபீன்' என்ற பெயரில் நான்கைந்து வெவ்வேறு பொருள்கள் விற்கிறார்கள். சுத்த கிராஃபீனுக்கும், பல அடுக்குகள் கொண்ட கிராஃபீன் நானோ பிளேட்லெட்டுக்கும் தண்ணீர் ஒட்டாது. தண்ணீரில் போட்டால் கறுப்பாகத் திரண்டு அடியில் போய்விடும், அல்லது மேலே மிதக்கும். பரப்புவதற்கு சர்ஃபேக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) சேர்த்தால் நுரை வரும். நுரை சாந்துக்குள் காற்றுக்குமிழாக நின்று வலுவைத் தின்னும். கிராஃபீன் ஆக்ஸைடில் தகட்டின் மேலும் ஓரங்களிலும் ஹைட்ராக்சில், எப்பாக்ஸி, கார்பாக்சில் தொகுதிகள் இருப்பதால் அது தண்ணீரோடு இசைந்து போகும். புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரே விதிவிலக்கு: விரிசலைத் தானே உணர்த்தும், மின்சாரம் கடத்தும் கான்கிரீட் உங்கள் நோக்கம் என்றால் கிராஃபீன் ஆக்ஸைடு உதவாது, அது மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு ஆக்சிஜன் நீக்கிய வகையோ பிளேட்லெட்டோதான் வேண்டும்.

பொடியாக வாங்காமல், தண்ணீரில் பரவிய கரைசலாக வாங்குங்கள். ஒருமுறை காய்ந்த தகடுகளை மறுபடி பிரிப்பது கடினம். அதோடு பொடி மூச்சில் போகும் ஆபத்தும் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் என்ற செறிவு பரவலாகக் கிடைக்கிறது. வாங்கும்போது, பொருள் எது என்று காட்டும் ராமன் (லேசர் ஒளிச் சோதனை), எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர்ச் சோதனை) வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ஆர்டியில் 10 அல்லது 11 டிகிரிக்குப் பக்கத்தில் முகடு இருந்தால் அது கிராஃபீன் ஆக்ஸைடு. 26.5 டிகிரியில் கூர்மையாக நின்றால் உங்களுக்கு வந்திருப்பதில் சாதாரண கிராஃபைட் கலந்திருக்கிறது, பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள். வரைபடம் தர மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கரைசலின் பிஹெச் அளவையும் பாருங்கள். சரியாகக் கழுவாத கரைசலில் அமிலம் மிச்சம் இருக்கும்.

"நாமே தயாரிக்கலாமே, செலவு மிச்சம்" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 1958-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஹம்மர்ஸ் முறை இணையம் முழுக்கக் கிடைக்கிறது. அடர் கந்தக அமிலத்தில் கிராஃபைட்டைப் போட்டுப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் மாங்கனீஸ் ஹெப்டாக்ஸைடு உருவாகிறது. சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வெடிக்கக்கூடியது. சிவில் லேப்பில் அதற்கான ஃப்யூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) கிடையாது, பழகிய கைகளும் கிடையாது. வேதியியல் துறையில் இதைத் தொடர்ந்து செய்கிற ஆசிரியர் துணை நின்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு முழு புராஜெக்டுக்கு ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் செலவாகாது.

மற்ற சாமான்கள்

ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) 53 கிரேடு சிமெண்ட், ஒரே மூட்டையிலிருந்து. மூட்டையைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள். மணலுக்கு எண்ணூர் தரமணல். இந்தியா முழுக்க சிமெண்டைச் சோதிக்கிறவர்கள் ஐஎஸ் 650 என்ற இந்தியத் தரத்தின்படி பயன்படுத்துவது நம் எண்ணூர் மணலைத்தான். மூன்று பருமன்களில் வரும். மூன்றையும் சம எடையில் கலக்க வேண்டும்.

பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமலே சாந்தை இளக்கும் திரவம்) கட்டாயம் வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தகவல் தாளில் திடப்பொருள் எவ்வளவு சதவீதம் என்று குறித்திருக்கும், அதை எடுத்து வையுங்கள். தண்ணீர் காய்ச்சி வடித்தது மட்டுமே. போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சிமெண்டைத் தொடும் முன்பே தகடுகளைத் திரட்டிவிடும்.

70.6 மி.மீ. க்யூப் மோல்டுகள், வைப்ரேட்டர், நூற்றில் ஒரு கிராம் காட்டும் தராசு, புரோப் சோனிகேட்டர் (மீயொலி அதிர்வால் தகடுகளைப் பிரித்துப் பரப்பும் கருவி), ஐஸ் கட்டி, கையுறை, முகமூடி, கண்ணாடி. சிமெண்ட் கலவை காரத்தன்மை உள்ளது, வெறும் கையால் பிசைய வேண்டாம்.

சுண்ணாம்புத் தெளிநீர்ச் சோதனை

க்யூப் வார்ப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பாருங்கள். பிரச்சினை என்ன என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

சிமெண்டில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே அதன் பிஹெச் 12.5-ஐத் தாண்டிவிடும், கால்சியம் அயனிகள் நிரம்பிவிடும். கிராஃபீன் ஆக்ஸைடின் ஓரங்களில் இருக்கும் எதிர்மின் தொகுதிகளைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். ஒரு கால்சியம் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கட்டும், அது இன்னொன்றோடு சேரும். கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டுமே, அந்த மாதிரி.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை வடிகட்டி இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றுங்கள். முதல் குழாயில் கிராஃபீன் ஆக்ஸைடு கரைசலைச் சில துளிகள் விடுங்கள். தேன் நிறத்தில் பரவிய கரைசல் கொஞ்ச நேரத்தில் பழுப்புத் திப்பிகளாகப் பிரிந்து அடியில் இறங்குவதைப் பார்க்கலாம். அடுத்து, அதே கரைசலில் முன்கூட்டியே பாலிகார்பாக்சிலேட்டைக் கலந்து, இரண்டாவது குழாயில் விடுங்கள். நிறம் பரவியபடியே நிற்க வேண்டும். பாலிகார்பாக்சிலேட்டின் நீண்ட பக்கக் கிளைகள் தகடுகளுக்கு நடுவே நின்று, அவை நெருங்கி ஒட்டாமல் தடுக்கின்றன.

இரண்டாவது குழாயிலும் திப்பி வந்தால் பிளாஸ்டிசைசரின் அளவைக் கூட்டுங்கள், அல்லது வேறு பிராண்டை எடுத்துப் பாருங்கள். எல்லா பாலிகார்பாக்சிலேட்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒரு மணி நேரம் நிறம் மாறாமல் நிற்கிற கூட்டணி கிடைக்கும்வரை சிமெண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இரண்டு குழாய்களையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் அந்தப் படம் பல பக்க விளக்கத்துக்குச் சமம்.

கணக்கு

ஐஎஸ் 4031, பகுதி 6 சொல்வது: ஒரு க்யூபுக்கு 200 கிராம் சிமெண்ட், 600 கிராம் தரமணல். தண்ணீரின் அளவைக் கண்டுபிடிக்க, முதலில் விகாட் கருவியில் சிமெண்டின் கன்சிஸ்டன்சியை (சிமெண்ட் கூழ் சரியான பதத்துக்கு வரத் தேவையான தண்ணீரின் சதவீதம்) பாருங்கள். அதை நான்கால் வகுத்து மூன்றைக் கூட்டினால் வருவது, சிமெண்டும் மணலும் சேர்ந்த எடையில் தண்ணீரின் சதவீதம். கன்சிஸ்டன்சி 30 என்றால் 7.5 கூட்டல் 3, அதாவது 10.5 சதவீதம். 800 கிராமில் அது 84 கிராம் தண்ணீர்.

200 கிராம் சிமெண்டில் 0.03 சதவீதம் என்றால் 60 மில்லிகிராம் கிராஃபீன் ஆக்ஸைடு. 4 மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் அது 15 மில்லிலிட்டர். அந்த 15 மில்லிலிட்டரும் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். அதை 84-லிருந்து கழிக்க மறந்தால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.42-லிருந்து ஏறக்குறைய 0.5-க்குப் போய்விடும். அப்புறம் எந்த நானோ பொருளும் காப்பாற்றாது. பிளாஸ்டிசைசருக்குள் இருக்கும் தண்ணீரையும் கழிக்க வேண்டும்.

ஒவ்வொரு க்யூபுக்கும் தனித்தனியாக அளப்பதைவிட மொத்தமாக ஒரு கரைசல் தயாரிப்பது நல்லது. 3, 7, 28 நாள்களுக்கு மும்மூன்று என்று ஒன்பது க்யூப் தேவை. ஒன்று கூடுதலாக வைத்துப் பத்துக்குக் கணக்கு போடுவோம். கிராஃபீன் ஆக்ஸைடு கரைசல் 150 மில்லிலிட்டர். சிமெண்டில் 0.3 சதவீதம் என்ற அளவில் பிளாஸ்டிசைசர் 6 கிராம். அதில் 40 சதவீதம் திடப்பொருள் என்றால் 3.6 கிராம் தண்ணீர். மொத்தத் தண்ணீர் 840-லிருந்து 150-யும் 3.6-யும் போக, காய்ச்சி வடித்த தண்ணீர் 686.4 கிராம். மொத்தக் கரைசல் 842.4 கிராம் வரும், க்யூப் ஒன்றுக்கு 84.2 கிராம் நிறுத்துப் போட்டால் சரி. 0.3 என்பது தொடங்குவதற்கான அளவு. சுண்ணாம்புத் தெளிநீரில் உங்களுக்கு எது நின்றதோ அதை எடுத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

சோனிகேட்டரில்

வரிசை முக்கியம். முதலில் பிளாஸ்டிசைசரைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, அதில் கிராஃபீன் ஆக்ஸைடு கரைசலை மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பீக்கரை ஐஸ் தட்டில் வைத்து புரோபை இறக்குங்கள். தொடர்ந்து ஓட்டாமல், சில நொடி ஓட்டிச் சில நொடி நிறுத்துகிற பல்ஸ் முறையில் ஓட்டுங்கள். ஐஸ் இல்லாமல் ஓட்டினால் கரைசல் வேகமாகச் சூடேறி ஆவியாகும், உங்கள் தண்ணீர்க் கணக்கும் கெடும்.

எவ்வளவு நேரம் என்பது கருவியின் திறனைப் பொறுத்தது. 15 முதல் 30 நிமிடம் வழக்கம். கூட ஓட்டினால் இன்னும் நன்றாகப் பரவும் என்று நினைக்க வேண்டாம், அளவுக்கு மீறினால் தகடுகள் உடைந்து சின்னதாகிவிடும். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி-விசிபிள் கருவி கிடைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து நீர்க்கவைத்து, 230 நானோமீட்டர் பக்கத்தில் வரும் முகட்டைப் பாருங்கள். அது ஏறுவது நின்றால் போதும் என்று அர்த்தம். மீதித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் பீக்கரை நிறுத்து, ஆவியாகிப் போனதைத் திரும்பச் சேர்ப்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை வகை வார்ப்பது

பல மாணவர் அறிக்கைகளில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் வெறும் சாந்து, மறுபக்கம் பிளாஸ்டிசைசரும் கிராஃபீன் ஆக்ஸைடும் சேர்ந்த சாந்து. வலு கூடியிருக்கிறது, அந்தப் பெருமை முழுக்கக் கிராஃபீனுக்குப் போகிறது. பிளாஸ்டிசைசர் மட்டுமே சாந்தை நன்றாக இறுக வைத்து வலுவைக் கூட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது மூன்று வகை வேண்டும்: வெறும் சாந்து, பிளாஸ்டிசைசர் மட்டும், பிளாஸ்டிசைசரோடு கிராஃபீன் ஆக்ஸைடு. நீங்கள் ஒப்பிட வேண்டியது இரண்டாவதையும் மூன்றாவதையும். மூன்றிலும் தண்ணீர் ஒரே அளவு.

நேரமும் மோல்டும் இருந்தால் 0.01, 0.03, 0.05 சதவீதம் என்று மூன்று அளவு எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் வலு இறங்குவது அடிக்கடி நடக்கும். கூடக் கூடத் தகடுகள் திரளும், சாந்தும் கெட்டியாகும்.

கலந்து வார்ப்பது

சிமெண்டையும் மணலையும் ஒரு நிமிடம் உலர்வாகக் கலக்குங்கள். நிறுத்து வைத்த கரைசலை ஊற்றி, நிறம் ஒன்றாகும்வரை கரண்டியால் கலக்குங்கள். தரம் சொல்லும் நேரம் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல். நான்கு நிமிடத்தைத் தாண்டியும் நிறம் சேரவில்லையென்றால் அந்தக் கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கிராஃபீன் ஆக்ஸைடு சேர்த்த சாந்து கரண்டியிலேயே வித்தியாசம் காட்டும். கொஞ்சம் வறண்டு, கரண்டியோடு இழுக்கும். தகடுகளின் பரப்பு மிக அதிகம், தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் "ஒரு சொட்டுத் தண்ணீர்" சேர்க்கக் கை போகும். சேர்க்காதீர்கள். மோல்டில் இறுக்கவே முடியாத அளவுக்கு வறண்டிருந்தால் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள், இரண்டாவது வகையிலும் அதே அளவு கூட்டி மறுபடி வார்த்தெடுங்கள். ஃப்ளோ டேபிள் இருந்தால் ஒவ்வொரு வகையின் பரவலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் எண்ணெய் தடவிய மோல்டில் நிரப்பிக் குத்தி, வைப்ரேட்டரில் இரண்டு நிமிடம். ஒரு வகையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் வகைகளை மாற்றி மாற்றி வார்த்தெடுங்கள். காலையில் ஒரு வெப்பம், மதியம் ஒரு வெப்பம் என்றால் அந்த வித்தியாசமும் முடிவில் கலந்துவிடும். சென்னை, திருச்சி வெயிலில் லேப்பை 27 டிகிரியில் வைத்திருப்பது எளிதல்ல, ஏசி அறை கிடைத்தால் அங்கே வைத்து வார்த்தெடுங்கள். 24 மணி நேரம் ஈரப்பதம் குறையாமல் மூடி வைத்து, மோல்டைக் கழற்றி, பெயிண்டால் எண் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள்.

உடைப்பது

தண்ணீரிலிருந்து எடுத்த க்யூபைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே அழுத்தச் சோதனை இயந்திரத்தில் உடைக்க வேண்டும். கரண்டியால் தேய்த்த மேல்முகம் சுமைத் தட்டைத் தொடக் கூடாது, மோல்டில் படிந்த பக்கமுகங்கள்தான் தொட வேண்டும். சுமை ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 35 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 175 கிலோநியூட்டன். 54 மெகாபாஸ்கல் தாங்கும் க்யூப் உடைய ஒன்றரை நிமிடம் ஆகும். 20 நொடியில் உடைந்தால் வால்வை அதிகமாகத் திறந்துவிட்டீர்கள், அந்த அளவீடு உதவாது.

சுமையை 4984 சதுர மி.மீட்டரால் வகுத்தால் வலு. வெறும் சாந்து 28 நாளில் 53 மெகாபாஸ்கலையாவது எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் சிமெண்ட் பழசு, அல்லது வார்ப்பில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் கிராஃபீனைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முடிவைப் படிப்பது

உதாரணத்துக்கு, பிளாஸ்டிசைசர் மட்டும் போட்ட மூன்று க்யூப்கள் 51, 54, 57 என்று வந்தன. கிராஃபீன் ஆக்ஸைடு போட்டவை 55, 58, 60 என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் கிட்டத்தட்ட 7 சதவீத உயர்வு. ஆனால் முதல் தொகுதியின் உயர்ந்த க்யூப், இரண்டாவது தொகுதியின் தாழ்ந்த க்யூபைவிட மேலே நிற்கிறது. மூன்று க்யூபை வைத்துக்கொண்டு இதை வலு கூடியதற்கான ஆதாரம் என்று எழுத முடியாது. ஆறு, ஒன்பது என்று க்யூப்களைக் கூட்டி வார்த்து, சராசரியோடு திட்ட விலக்கத்தையும் எழுதுங்கள். ஒரு க்யூப் மட்டும் மிக உயரமாக வந்தால் அதைத் தலைப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உயர்வு மூன்றாம், ஏழாம் நாளில் தெளிவாகவும் 28-ஆம் நாளில் குறைவாகவும் வந்தால் குழம்ப வேண்டாம். சிமெண்டுக்கு வலு தரும் சி-எஸ்-எச் (கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்) ஜெல் முளைப்பதற்குத் தகடுகள் கூடுதல் இடம் கொடுக்கின்றன. அதனால் நீரேற்றம் சீக்கிரம் தொடங்குகிறது. பின்னால் மற்ற சாந்தும் நெருங்கி வந்துவிடுவது இயல்பு. செட்டிங் நேரத்தையும் விகாட் ஊசியில் பார்த்து வைத்தால் இந்த விளக்கத்துக்கு வலு சேரும்.

உயர்வே வரவில்லையென்றாலும் அதை அப்படியே எழுதுங்கள். சோனிகேட்டர் நேரம், பிளாஸ்டிசைசரின் வகை, ஃப்ளோ அளவு எல்லாம் குறித்திருந்தால் அடுத்து வருகிறவருக்கு அது உதவும்.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நினைத்தால், க்யூபின் நடுவிலிருந்து சின்னத் துண்டு எடுத்து, உடனே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மூழ்கவைத்து நீரேற்றத்தை நிறுத்துங்கள். பிறகு குறைந்த சூட்டில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். 2013-ல் சீனாவிலிருந்து வந்த ஒரு பிரபலமான ஆய்வு, கிராஃபீன் ஆக்ஸைடு சிமெண்டுக்குள் பூ வடிவப் படிகங்களை உருவாக்குவதாகப் படங்களோடு காட்டியது. அந்தப் படிகங்கள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டு உருவானவையாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் கேள்வி எழுப்பின. திறந்து கிடந்த துண்டில் நீங்களும் அழகான பூக்களைப் பார்க்க நேரலாம். பிளாஸ்டிசைசர் மட்டும் போட்ட துண்டையும் அதே நாளில், அதே முறையில் உலர்த்திப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பூ இருந்தால் அது கிராஃபீன் செய்த வேலை இல்லை.